தோற்றாலும் வரைபடம் மிஞ்சும்

நம்ம வீடுகளில் பிள்ளைகளோடு நடக்கும் சண்டையில் பாதி இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. கேம் விளையாடலாமா, கூடாதா? என்னைக் கேட்டால் கேள்வியே சரியில்லை. "பிள்ளை புத்தகம் படிக்கலாமா?" என்று யாரும் பொத்தாம்பொதுவாகக் கேட்பதில்லை. என்ன புத்தகம் என்றுதான் கேட்கிறோம். கேம் விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்று பரணில் போடுகிறோம், இல்லையென்றால் மூட்டையோடு பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம்.

அந்த மூட்டைக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். காசு கட்டி ஆடும் ரம்மி வகையறா. 2025-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடுத்த சமாச்சாரம் அது. அடுத்தது, நூறு பேரை ஒரு தீவில் இறக்கிவிட்டு, கடைசி ஆள் மிஞ்சும் வரை சுட்டுக்கொள்ளும் வகை. இன்னொன்று, இலவசம் என்று உள்ளே இழுத்து, வைரம், தங்கக் காசு, அதிர்ஷ்டப் பெட்டி என்று அப்பாவின் யூபிஐயைத் தேடும் வகை. இவற்றுக்கு நடுவில், கையில் பென்சிலைக் கொடுத்து "வழியை நீயே வரைந்துகொள்" என்று சொல்லும் ஒரு ஜப்பானிய விளையாட்டும் கிடக்கிறது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பெயர் எட்ரியன் ஒடிசி. ஜப்பானில் வைத்த பெயர் 'செகாய்ஜூ நோ மெய்க்யூ'. உலக மரத்தின் புதிர்வழி என்று சொல்லலாம். அட்லஸ் நிறுவனம் 2007 ஜனவரியில் நின்டென்டோ டிஎஸ் கருவிக்காக இதை வெளியிட்டது. அதே வருடம் மே மாதம் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது. எட்ரியா என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்திலேயே பூமிக்குள் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே போகும் ஒரு காடு. ஐந்து பேர் கொண்ட குழுவைச் சேர்த்துக்கொண்டு நீங்கள் உள்ளே இறங்கவேண்டும். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் கதை. (ஐந்தாவது அடுக்கில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். :-))

இந்த வகை விளையாட்டின் பூர்வீகம் ஜப்பான் இல்லை, அமெரிக்கா. 1981-ல் ஆப்பிள் 2 கணினிக்கு 'விசார்ட்ரி' என்று ஒரு கேம் வந்தது. எழுதியவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட். இருவரும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள். நிலத்தடியில் பத்துத் தளங்கள், ஒவ்வொன்றும் 20-க்கு 20 கட்டம். திரையில் தெரிவதெல்லாம் நாலு கோட்டில் வரைந்த சுவரும் நடைபாதையும்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். இருக்கும் இடத்தைக் காட்ட மேப் எதுவும் கிடையாது. அதனால் ஆடியவர்கள் எல்லோரும் பக்கத்தில் கிராஃப் பேப்பரையும் பென்சிலையும் வைத்துக்கொண்டார்கள். ஒரு அடி எடுத்து வைப்பது, ஒரு கட்டம் வரைவது, மறுபடி ஒரு அடி.

1985-ல் இது ஜப்பானியக் கணினிகளுக்குப் போனது. ஜப்பான்காரர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். 1986-ல் வந்து அந்த நாட்டையே ஆட்டிவைத்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டுக்கும் விசார்ட்ரி ஒரு முன்னோடி. வேடிக்கை என்னவென்றால், பிறந்த வீட்டில் இந்த வகை மெல்லத் தேய்ந்துபோனது. விளையாட்டுகள் அழகாயின, வேகமாயின, மேப்பைத் தானே வரைந்துகொள்ளப் பழகின. கிராஃப் பேப்பர் குப்பைக்குப் போனது. புகுந்த வீட்டில் மட்டும் அந்தப் பழைய பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள்.

எட்ரியன் ஒடிசியை இயக்கிய கஸுயா நீனோ, அதற்கு முன்னால் 2005-ல் 'ட்ராமா சென்டர்' என்ற அறுவை சிகிச்சை விளையாட்டை இயக்கியவர். நின்டென்டோ டிஎஸ்ஸில் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரையில் ஒரு குச்சியால் தொட்டு எழுதலாம். முந்தைய விளையாட்டில் அந்தக் குச்சி சர்ஜன் கையிலிருக்கும் கத்தி. இதில் அதே குச்சி பென்சில். கீழ்த்திரைதான் கிராஃப் பேப்பர். மேலே காட்டைப் பார்க்கிறீர்கள், கீழே வரைகிறீர்கள். யோசித்துப் பார்த்தால் ரொம்ப எளிமையான ஐடியா. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் மேசைமேல் இருந்த காகிதத்தைக் கருவிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

வரைவது எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. நடந்த கட்டங்களுக்கு வண்ணம் அடிப்பதை வேண்டுமானால் கருவியே செய்துவிடும். சுவர் எங்கே என்று கோடு இழுக்கவேண்டியது நீங்கள். கதவு இருந்தால் கதவுச் சின்னம், படிக்கட்டு இருந்தால் படிக்கட்டுச் சின்னம், புதையல் பெட்டி இருந்தால் அதற்கொன்று. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும் குறுக்கு வழிகள் இருக்கும். அவற்றுக்கு அம்புக்குறி. மிதித்தால் காயப்படுத்தும் தரை இருக்கும். அதற்கு வேறு நிறம். ஒரு கோட்டைத் தப்பாக இழுத்தால் யாரும் திருத்தமாட்டார்கள். அடுத்த முறை அந்த வழியாக ஓடிவரும்போது, வழி இருக்கிறது என்று நம்பிய இடத்தில் சுவர் நிற்கும். பின்னால் மிருகம் வந்துகொண்டிருக்கும்.

விளையாட்டில் முதல் வேலையே என்ன தெரியுமா? எட்ரியாவின் அரசு அலுவலகத்துக்குப் போனால், முதல் தளத்துக்கு வரைபடம் வரைந்து கொண்டுவா, அப்புறம்தான் உன்னை ஆய்வாளன் என்று ஒத்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கத்தி எடுத்து யாரையாவது வெட்டிவிட்டு வா என்று சொல்லவில்லை. வரைந்து காட்டு என்கிறார்கள். (ஆங்கிலப் பதிப்பில் அந்த அலுவலகத்தின் பெயர் ராதா ஹால். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறதே என்று என்னோடு சேர்ந்து நீங்களும் சிரித்துக்கொள்ளலாம்.)

அதே முதல் தளத்தில் ஒரு பூந்தோட்டம் வரும். களைத்து வந்த குழு கொஞ்சம் இளைப்பாறலாமா என்று விளையாட்டு கேட்கும். அழகாகத்தான் இருக்கிறது என்று உட்கார்ந்தால், விஷப் பூச்சிகள் வந்து பிடுங்கும். அந்த நிலையில் உங்கள் குழுவால் அவற்றைத் தாங்கவே முடியாது. ஆட்டம் முடிந்தது. அதுவரை வந்த அனுபவப் புள்ளி, பொறுக்கிய பொருள் எல்லாம் போச்சு. கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பவேண்டியதுதான்.

ஆனால் ஒரு விஷயம். குழு அழிந்து, ஆட்டம் முடிந்தது என்று திரை சொல்லும்போது, கூடவே ஒரு கேள்வியும் வரும். வரைந்த மேப்பை மட்டும் சேமித்துக்கொள்கிறாயா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த விளையாட்டை எனக்குப் பிடிக்கும். வாள் போனது, பணம் போனது, ஏறிய நிலைகள் போயின. நீ வரைந்தது மட்டும் போகவில்லை. அடுத்த முறை உள்ளே போகும்போது, அந்தப் பூந்தோட்டத்தில் நீயே வைத்த எச்சரிக்கைக் குறி உனக்காகக் காத்திருக்கும். தோற்றவன் கையில் என்ன மிஞ்சவேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? வெளியூரில் வந்து பிழைக்கும் குடும்பங்களில் இந்தப் பயம் கொஞ்சம் அதிகம். நாம் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு வந்தவர்கள். அந்த ஏணி மட்டும்தான் நமக்குத் தெரியும். அதனால் பிள்ளை ஒரு நுழைவுத் தேர்வில் வழுக்கினால், இரண்டு வருடம் வீணாய்ப் போச்சு என்று அதன் காதுபடவே சொல்கிறோம். வீணாய்ப் போகவில்லை, அந்த இரண்டு வருடத்தில் எது சுவர், எது கதவு என்று அது கொஞ்சம் வரைந்து வைத்திருக்கிறது என்பது நம் வாயில் வருவதே இல்லை. மார்க் போனாலும் மேப் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குக் கை வழியாகப் புரிந்துவிட்டால், அது எத்தனை அறிவுரைக்குச் சமம்?

இன்னொரு பாடமும் இதில் உண்டு. திரும்பி வரத் தெரிவது. இந்தக் காட்டில் எஃப்ஓஈ என்று சில பெரிய மிருகங்கள் அலையும். முதல் பாகத்தில் அவை ஆரஞ்சு நிற ஒளி உருண்டையாகத் தெரியும். நீங்கள் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி வைக்கும். நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும். வேறு ஏதோ சின்னப் பிராணியோடு நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் அது நெருங்கி வந்து, சண்டைக்குள்ளேயே நுழைந்துவிடும். முதல் அடுக்கில் வரும் ஒன்று வெறும் மான். மான்தானே என்று போனால் நாலு முட்டில் கதை முடிந்துவிடும். எதிரே வருவதையெல்லாம் அடித்துத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. அது போகும் பாதையைக் கவனித்து, மேப்பில் குறித்து, அது திரும்பும் நேரத்தில் பின்னால் நழுவிப் போகவேண்டும். பத்து நிலை ஏறிய பிறகு வந்து கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஊருக்குத் திரும்ப 'அரியட்னி நூல்' என்று ஒரு பொருள் கடையில் விற்பார்கள். கிரேக்கக் கதையில் புதிர்வழிக்குள் போனவனுக்கு அரியட்னி கொடுத்தனுப்பிய நூலின் பெயர்தான். அதை வாங்காமல் உள்ளே போனால், அவ்வளவு தூரமும் நடந்தேதான் ஏறவேண்டும். மருந்து எத்தனை மிச்சம், மருத்துவரின் சக்தி எவ்வளவு மிச்சம், இன்னும் ஒரு கதவைத் திறந்து பார்க்கலாமா, இத்தோடு போதுமா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் முடிவெடுக்கவேண்டும். "இன்னும் ஒரே ஒரு கதவு" என்று நினைத்த குழுக்கள்தான் அதிகம் செத்திருக்கும். போதும் என்று சொல்லத் தெரிவதை வைத்தே நடக்கும் விளையாட்டு, "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று இழுப்பதை வைத்துப் பிழைக்கும் விளையாட்டுகளுக்கு நடுவில் வந்தது என்பதுதான் அதிசயம்.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. யூசோ கோஷிரோ. எண்பதுகளிலிருந்தே ஜப்பானிய விளையாட்டு இசையில் பெரிய பெயர். இந்தப் பழைய பாணி விளையாட்டுக்கு, என்இசி நிறுவனத்தின் பிசி-8801 என்ற எண்பதுகளின் கணினிச் சத்தத்திலேயே மெட்டுப் போட்டார். முதல் அடுக்கின் பச்சைக் காட்டில் வரும் இசையை ஒருமுறை கேளுங்கள். குழந்தைக்குத் திரும்பக் கேட்கும்போது உங்களுக்கும் முணுமுணுக்கத் தோன்றும்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி வீட்டிலிருந்தே வந்தது. "வரைவதுதான் முக்கியம் என்றால் நோட்டுப் புத்தகத்தில் வரையட்டுமே, இதற்கு எதுக்கு கேம்?" என்றார் தங்கமணி. நியாயமான கேள்வி. நோட்டில் தப்பாக வரைந்தால் நோட்டு ஒன்றும் செய்யாது. இங்கே தப்பு உடனே தெரிந்துவிடும், வலிக்கவும் செய்யும். அதைவிட முக்கியம், வரைவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐந்து பேரின் உயிர் அந்தக் கோட்டில் நிற்கிறது. என் அண்ணன் மகன் குழுவுக்குப் பெயர் வைக்கும்போது, மருத்துவருக்குப் பாட்டி பெயரை வைத்தான். அப்புறம் அவன் வரைந்த கோடுகள் எவ்வளவு நேராக வந்தன என்று நான் சொல்லவேண்டியதில்லை. :-)

இரண்டாவது கேள்வி, ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் மேப் வரைவது எதற்கு? அதனால்தான் என்பது என் பதில். புனேயிலும் குர்காவிலும் ஐதராபாத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளரும் நம் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். கேட்டிலிருந்து ஸ்கூல் பஸ், ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கேட். சனிக்கிழமை காரில் மால். கோடை விடுமுறைக்கு விமானத்திலோ ரயிலிலோ ஏறி ஊர், ஊரில் மறுபடி கார். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிப்போய் வைக்கப்படுகிறார்கள். நடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பத்து வருடமாக இருக்கும் ஊரில், நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய் விட்டால், போன் இல்லாமல் வீடு திரும்பத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த ஊரும் தெரியாது, சொந்த ஊரும் தெரியாது. பிறகு எந்த ஊரைத்தான் தன் ஊர் என்று சொல்லும்?

லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி 2000-ல் எலினார் மக்வயர் குழுவினர் வெளியிட்ட ஆய்வை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால், சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டும். அந்த ஓட்டுநர்களின் மூளையில், வழிகளை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பின்பக்கம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது என்று கண்டார்கள். எட்ரியன் ஒடிசி விளையாடினால் மூளை வளரும் என்று நான் ஜல்லியடிக்க வரவில்லை. வழி தெரிந்துகொள்வது மூளை செய்யும் ஒரு வேலை, அந்த வேலையைச் செய்யச் செய்யத்தான் வரும் என்பது மட்டும்தான் என் கட்சி.

மூன்றாவது கேள்வி, இதில் குறையே இல்லையா? உண்டு. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சண்டை போட்டு நிலை ஏற்றவேண்டிய கட்டங்கள் உண்டு. அங்கே பொறுமை சோதிக்கப்படும். முடிக்கப் பல பத்து மணி நேரம் ஆகும். பரீட்சை மாதத்தில் தொடங்கவேண்டாம். குழு உறுப்பினர் படங்களில் சிலவற்றின் உடை எனக்குப் பிடிக்கவில்லை. வேலை கேட்டு வாங்கும் இடம் ஒரு மதுக்கடை. அதனால் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதலில் நீங்கள் அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். ஆங்கிலம் நிறையப் படிக்கவேண்டியிருக்கும். அதைக் குறை என்று சொல்வீர்களா, நிறை என்று சொல்வீர்களா என்பது உங்கள் விருப்பம்.

இப்போது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம். டிஎஸ் கருவியும் அதற்குப் பின் வந்த 3டிஎஸ் கருவியும் போய்விட்டன. 3டிஎஸ்ஸுக்கான நின்டென்டோவின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். இரண்டு திரைக்காகச் செய்த கடைசிப் பாகம் 2018-ல் ஜப்பானில் வந்த நெக்ஸஸ். முதல் மூன்று பாகங்களையும் 2023 ஜூனில் புதுப்பித்து ஸ்விட்ச் கருவிக்கும், ஸ்டீம் வழியாகக் கணினிக்கும் கொடுத்தார்கள். ஒற்றைத் திரையின் ஓரத்தில் மேப்பை ஒட்டவைத்திருக்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை. சுவரையும் சேர்த்துக் கருவியே வரைந்துகொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பிள்ளை நடந்தால் போதும், மேப் தானே வரும்.

வசதிதான், மறுக்கவில்லை. கை நடுங்குகிறவர்களுக்கும், நேரமில்லாதவர்களுக்கும் தேவையும்கூட. ஆனால் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால், முதல் வேலையாக அமைப்புகளுக்குள் போய் அந்தத் தானியங்கி மேப்பை அணைத்துவிடுங்கள். சண்டை கடினமாக இருக்கிறதா, தாராளமாகக் கடினத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் 'பிக்னிக்' என்றே ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். அதில் வெட்கமே வேண்டாம். சண்டையை எளிதாக்கினால் விளையாட்டு எளிதாகும், அவ்வளவுதான். வரைவதை எடுத்துவிட்டால் அங்கே விளையாட்டே இல்லை. பூந்தோட்டத்தில் செத்த பிறகு மிஞ்சுவது யாரோ வரைந்த படம். அது நம் பிள்ளையின் கையில் நிற்காது.

இன்னொன்று, அன்றாடம் நாம் கேட்கும் கேள்வியையும் மாற்றிப் பார்க்கலாம். "எத்தனை மணி நேரமாடா ஆடுற?" என்று கேட்டால் பதில் எப்போதும் "இப்பத்தான் ஆரம்பிச்சேன்". அதற்குப் பதிலாக "மேப்பைக் காட்டு" என்று கேளுங்கள். இது என்ன கதவு, இங்கே ஏன் கேள்விக்குறி, இந்த மூலைக்கு ஏன் போகவில்லை என்று விரலை வைத்துக் கேளுங்கள். பிள்ளை வாய் மூடாமல் பேசும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதே பிள்ளையிடம் ஒரு கிராஃப் பேப்பரைக் கொடுத்து, நம்ம கேட்டிலிருந்து காய்கறிக் கடை வரைக்கும் முதல் தளம், வரைந்து கொண்டுவா என்று அனுப்பிப் பாருங்கள். கூடவே நடங்கள், ஆனால் வழி சொல்லாதீர்கள். நாய் படுத்திருக்கும் சந்துக்கு எஃப்ஓஈ குறி வைக்கட்டும். :-)

பிள்ளைக்கு வழி காட்டுவது நம் கடமை என்று நினைத்துக்கொண்டே, அதன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி எல்லாவற்றையும் நாமே வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு, எந்தக் கோச்சிங், எந்த ஊர் என்று சுவர் கூட விடாமல் வரைந்த மேப். நாம் வரைந்தது நம் காலத்துக் காடு. அவர்கள் இறங்கப்போகும் காடு வேறு. தப்பாக ஒரு கோடு இழுத்து, முட்டிக்கொண்டு, அழித்துத் திரும்ப வரையும் பழக்கமாவது அதற்குள் கையில் ஏறியிருக்கட்டும்.

டிஸ்கி: இதை விற்கும் நிறுவனத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று பாகத்தையும் சேர்த்து வாங்கினால் விலை அதிகம். முதல் பாகத்தை மட்டும் தனியாக வாங்கலாம், அதுவும் ஸ்டீமில் தள்ளுபடி வரும்வரை பொறுத்து வாங்கலாம். காடு எங்கேயும் ஓடிவிடாது.